தொட்டிக்குப் பின்னால் பூசாத கல்

மண்ணுக்குள் போன பிறகும் என்னைத் தனியே விடாத என் உபதேசியார் அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக வந்தால் திட்டாதீர்கள். இருந்த காலம் முழுக்க என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கேலி செய்தீர்கள். ஐம்பதை நெருங்கிவிட்டேன், அந்தப் பட்டம் இன்னும் என்னை விட்டபாடில்லை. கோயில் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. ஆனால் இந்த ஒரு மாதமாக அந்தக் கோயிலுக்குள் தனியாக நுழைய எனக்குக் கால் வரவில்லை.

ஊத்துக்குழிப்பட்டிக் கோயிலின் வரலாற்றைத் திருவிழா மலருக்கு எழுதித் தரும்படி ஃபாதர் என்னிடம் கேட்டிருக்கிறார். படித்தவர்கள் எத்தனை பேர் இருக்க, பத்தாவதில் கோட்டைவிட்ட என்னிடம் ஏன் கேட்டார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். "எங்கள் ஆலயம்" என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். "அப்பா" என்று வந்துவிட்டது. வந்தது வரட்டும்.

வரலாறு என்றால் எனக்குத் தெரிந்தது நீங்கள் சொன்னதுதான். முதலில் மூங்கில் தட்டிக் குடிசை, அப்புறம் கல்சுவரும் நாட்டு ஓடும், அப்புறம் தகரம். புளியஞ்சோலைப் பக்கமிருந்து காட்டுவழியில் நடந்து மலை ஏறி வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், நம் அரியூர் நாட்டில் முதன்முதலாக ஞானஸ்நானம் கேட்டது உங்கள் தாத்தா குடும்பம் என்பதால், ஞானஸ்நானத் தொட்டிக்குக் கல் நீங்களே கொடுங்கள் என்றாராம். தாத்தாவும் பெருமையாகச் சாமை குத்துகிற உரலைத் தூக்கிக் கொடுத்தார். அது குத்திக் குத்தி அடியில் ஓட்டை விழுந்த உரல் என்பது வைத்த பிறகுதான் சாமியாருக்குத் தெரிந்தது. நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள், கடவுளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சாமியார் கோபிக்கவில்லையாம். மந்திரித்த தண்ணீரைக் கால் மிதிபடுகிற இடத்தில் கொட்டக்கூடாது, மண்ணுக்குள்தான் போக வேண்டும், இது அதற்குத் தோதான கல் என்று சிரித்தாராம். நான்கு கல்லை முட்டுக் கொடுத்து, நடுவில் வெறும் மண்ணை விட்டு, உரலை அதன்மேல் உட்கார வைத்தார். ஓட்டைக்குத் துணி சுற்றிய மரத்தக்கை. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியானதும் தக்கையைப் பிடுங்கினால் குளுகுளுவென்று எல்லாம் அடியில் இறங்கிவிடும். இன்றைக்கும் அப்படித்தான். வாசலுக்குப் பக்கத்து மூலையில், சுவரோரமாக, அதே உரல்.

பிற்பாடு தரைக்குச் சிமெண்ட் பூசியபோது, தொட்டிக்குப் பின்னாலிருந்த ஒரு பலகைக்கல்லை மட்டும் பூசவிடாமல் தடுத்தீர்கள். தண்ணீர் ஊற வழி வேண்டும் என்று காரணம் சொன்னீர்கள். சாமியார் இல்லாத நாட்களில் கோயிலை நடத்துகிற உபதேசியார் சொன்னால் மறுபேச்சு ஏது? எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

வழக்கமாக மலரில் போடுகிற வரலாறு இத்தோடு முடிந்தது. மற்றது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தது.

ரோஸ்லினுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். ஊரே என்னை ரோஸ்லின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறது, அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடைமழைக் காலம். மலைப்பாதை வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. நீங்கள் ஆலத்தூர் நாட்டுக்கு ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தீர்கள். எட்டாம் மாதமே வலி கண்டுவிட்டது. வீட்டுக்காரர் நர்ஸைக் கூப்பிட ஓடினார். பிரசவம் பார்த்த அத்தை கொடியை அறுத்து, பிள்ளையை என் பக்கத்தில் போட்டுவிட்டு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள். பிள்ளை அழவில்லை. உதடு நீலமாக இருந்தது. விட்டு விட்டு மூச்சு வாங்கியது.

அப்பா, என் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வேண்டாம், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று ஞாயிறு வகுப்பில் எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்ததே நீங்கள்தான். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. ஒரே வரி. எனக்குத் தெரியாதா? தெரியும். ஊற்றினால், பிள்ளை போகப்போகிறது என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயந்தேன். ஊற்றாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்று கிறுக்குத்தனமாக நினைத்தேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அத்தை வெந்நீரோடு வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

சாயங்காலம் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தீர்கள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"தண்ணி ஊத்துனயா கண்ணு?"

இல்லையென்று தலையாட்டினேன். நீங்கள் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தோளில் கிடந்த துண்டில் அவனைச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது சட்டம். காப்பித் தோட்டத்து ஓரத்தில் வைத்தேன் என்றீர்கள். எந்த ஓரம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருடமும் அந்தத் தோட்டத்தில் காப்பி பறிக்கும்போதெல்லாம் எங்கே காலை வைக்கிறோமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பேன்.

அப்புறம் நீங்கள் படுக்கையில் விழுந்த கடைசி வாரம். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னீர்களே, ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"தொட்டிய மட்டும் யாரையும் நகத்த உட்றாத கண்ணு. உன்ற பையன் காப்பித் தோட்டத்துல இல்ல. அங்கதான் இருக்கான், அந்தப் பலகைக்கல்லுக்குக் கீழ. ஒவ்வொரு ஞானஸ்நானத் தண்ணியும் அவன் மேலதான் உழுகுது. இன்னும் ரெண்டு மூணு புள்ளைங்களும் இருக்குதுங்க."

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. பல் முளைக்காத பிள்ளை செத்தால் நம் ஊர்ப்பக்கம் பழைய ஆட்கள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வீட்டுக் கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில்தான் புதைப்பார்கள். தண்ணீர் தொட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை வழி மறக்காது என்பார்கள். மூன்று தலைமுறையாகச் செபமாலை உருட்டியும் உங்களுக்குள் அந்த மலைக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாமியாருக்குத் தெரியாமல், வேதத்தையும் கூரைத் தண்ணீரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டீர்கள்.

ஆனால் புரிந்ததும் பயமும் கூடவே வந்தது. பெற்ற மகளின் மனக்குறை உங்களுக்குத் தெரியும். அவளைத் தேற்ற ஒரு பொய் சொல்லியிருந்தால்? காய்ச்சல் வேகத்தில் உளறியிருந்தால்? கேட்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். புது ஃபாதர் நல்ல மனிதர், சின்ன வயது, மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். போன மாதம் பூசை முடிந்ததும் அறிவித்தார். தரை முழுக்க டைல்ஸ் போடப் போகிறோம், மூலையில் ஒளிந்து கிடக்கிற தொட்டியைப் பீடத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்கப் போகிறோம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என்னென்ன பயம் என்று கேளுங்கள். கொத்தனார் கடப்பாரையை விடுவான், சின்னச் சின்ன எலும்பு வரும். எவனாவது செல்போனைத் தூக்குவான். கோயிலுக்கு அடியில் மண்டை ஓடு, நரபலி என்று மதியத்துக்குள் மலை முழுக்க வாட்சப்பில் சுற்றும். போலீஸ் வரும். உபதேசியார் என்ன செய்தார் என்று உங்கள் கல்லறையைப் பார்த்துக் காறித் துப்புவார்கள். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பயம் இதைவிடப் பெரிது. தோண்டுவார்கள், ஒன்றுமே இருக்காது. அப்படியானால் என் பிள்ளை எங்கே?

சும்மா இருந்தேனா, இல்லை. ஃபாதரிடம் போய், பழைய கல்லை அசைத்தால் உடைந்துவிடும் என்றேன். உடையாமல் எடுக்கச் சொல்கிறேன் என்றார். முன்னோர் வைத்த இடம் என்றேன். முன்னோர் பெருமைப்படுவார்கள் என்றார். வேறு வழி தெரியாமல், தொட்டிக்குக் கீழே பாம்பு இருக்கிறது, நல்லபாம்பு, என் கண்ணாலேயே பார்த்தேன் என்று ஒரு போடு போட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியென்றால் கட்டாயம் தோண்ட வேண்டும், மூன்றடி ஆழத்துக்குத் தோண்டிக் காங்கிரீட் போட்டு அடைத்துவிடுவோம் என்றார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. மேலாகப் பெயர்த்துவிட்டுப் போயிருப்பார்கள், என் வாயால் மூன்றடிக்குக் குழி வெட்ட வைத்தேன்.

வேலைக்கு வந்தது வெள்ளையன். பக்கத்து ஊர்க்காரன், குச்சிக்கிழங்கும் மிளகும் போடுகிறவன், மற்ற நாட்களில் கொத்து வேலை. நம் கோயில் ஆள் இல்லை, அவர்கள் கும்பிடுகிற சாமி வேறு. அவன் அம்மா பொன்னாயியை உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் என்றால் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து, கோயிலுக்குள் நுழையாமல், மூலைச் சுவருக்கு வெளியே நிற்குமே, அந்த அம்மா. பொரிக்கும் மிட்டாய்க்கும் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை, ஒரு கை பொரியை மடியில் போட்டு, அதுதான் வாங்கியாயிற்றே, கிளம்புங்கள் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டேன். போன வருடம் அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தது.

வெள்ளையன் தனியாகவே வந்தான். கூட ஆள் வேண்டாம், மெஷின் வேண்டாம், மூலை வேலையை நானே கையால் பார்க்கிறேன் என்று ஃபாதரிடம் சொல்லியிருந்தான். கூலியை மிச்சம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். ஃபாதர் டைல்ஸ் பார்க்க நாமக்கல் போய்விட்டார். காலை வெயில் வாசலில் விழுந்து கிடந்தது. கோயிலுக்குள் அவனும் நானும் மட்டும்.

அவன் நேராகத் தொட்டிக்குப் பின்னால் போனான். பலகைக்கல்லின் விளிம்பில் கடப்பாரை முனையை வைத்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொள்கிறது, சத்தம் வரவில்லை. அப்பா, அதே பயம். அன்றைக்கு டம்ளரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே, இம்மி பிசகாமல் அதே பயம். மறுபடியும் அவனை அப்படியே விட்டுவிடப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"பாம்பு எந்தப் பக்கமுங்க பாத்தீங்க?" என்று அவன் கேட்டான்.

"பாம்பு இல்லீங்க வெள்ளையா. என்ற புள்ள இருக்குது."

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அவன் கடப்பாரையைச் சத்தமில்லாமல் தரையில் படுக்க வைத்தான். தலைத்துண்டை அவிழ்த்தான். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கண்ணனும் இங்கதானுங்க இருக்கு."

அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளையாம். வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொன்னாயி ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாள். மழைக்கு ஒதுங்கி நம் கோயில் வாசலில் உட்கார்ந்தபோது மடியிலேயே பிள்ளை போய்விட்டது. ஓடையில் வெள்ளம், ஊருக்குத் திரும்ப முடியாது. நீங்கள்தான், இங்கேயும் தண்ணீர் விழும் தாயே, வைத்துவிட்டுப் போ என்றீர்களாம். யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டீர்களாம். அவளும் மகனைத் தவிர ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

"தக்கையப் புடுங்குனா தண்ணி எறங்குற சத்தம் செவுத்துக்கு அந்தப்பக்கம் கேக்குமுங்க. அதைக் கேட்டுட்டுத்தான் எங்கம்மா ஊட்டுக்கு வரும்," என்றான்.

பொரிக்கு நிற்கிறது என்று நினைத்த பாவி நான். அந்த இடத்திலேயே அழுதேன். வேறு எவனாவது கடப்பாரையை விட்டுவிடக்கூடாதே என்று பயந்துதான் இந்த வேலையைத் தானே கேட்டு வாங்கினானாம். எலும்பு தென்பட்டால் மண்ணோடு அள்ளிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் வைத்துவிடலாம் என்று கோணிப்பையும் கொண்டுவந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே கல்லைப் பார்த்துப் பயந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் அத்தனை நாளைக் கழித்திருக்கிறோம்.

"தெறந்து பாக்குலாமுங்களா, அப்படியே உட்றலாமுங்களா? நீங்க சொல்றதுதானுங்க," என்றான்.

திறந்தால் ஒன்றுமில்லாமல் போகலாம். பொன்னாயி பிள்ளை அங்கே இருப்பது நிஜம் என்றாலும் என் பிள்ளையையும் அங்கேதான் வைத்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி? கடைசியில், ஒரு சாண் மட்டும், மண்ணில் இரும்பு படக்கூடாது என்றேன். அவன் கல்லை நெம்பிச் சாய்த்தான். இருவரும் மண்டியிட்டு விரலால் மண்ணைத் தள்ளினோம். கறுத்த ஈரமண். நான்கு விரல்கடை ஆழம்கூட இருக்காது, வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. எலும்பு என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

எலும்பில்லை அப்பா. சிப்பி. வேளாங்கண்ணியிலிருந்து வந்த அந்தப் பெரிய வெள்ளைச் சிப்பி. ஞானஸ்நானத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சிப்பி. என் பிள்ளை போன அதே மழைக்காலத்தில் அதைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி, அப்போதைய சாமியாரிடம் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். அலமாரியெல்லாம் கவிழ்த்துத் தேடினேன், நீங்கள் என்னைத் தேடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று முதல் நம் கோயிலில் எவர்சில்வர் டம்ளர்தான். சிப்பியை அவனோடு வைத்துவிட்டீர்கள். நான் ஊற்றாத தண்ணீரை அவனே மொண்டுகொள்ளட்டும் என்றா? என்ன நினைத்து வைத்தீர்கள்? கேட்டால் சொல்லவா போகிறீர்கள்.

ஒரு விரலால் மட்டும் தொட்டேன். அதற்குமேல் நாங்கள் தோண்டவில்லை. மண்ணை மூடிக் கல்லைப் பழையபடி படுக்க வைத்தான் வெள்ளையன். கோணிப்பையை மடித்து இடுக்கிக்கொண்டான்.

சாயங்காலம் ஃபாதர் வந்ததும் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். வெள்ளையன் என் பக்கத்திலேயே நின்றான். கேட்டு முடித்ததும் ஃபாதர் ஒன்று சொன்னார், அதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் என் பையன் பிறப்பதற்கு முன்னாலேயே மாறிவிட்டதாம். அவனைக் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்திருக்கலாமாம். நம் மலைக்கு அந்தச் செய்தி யாரும் சுமந்து வரவில்லை. இல்லாத சட்டத்துக்குப் பயந்துகொண்டு நீங்கள் ஒளித்தீர்கள், நான் ஒளித்தேன், பொன்னாயி மழையிலும் வெயிலிலும் சுவருக்கு வெளியே நின்றாள்.

எலும்பு, போலீஸ் என்று நான் உளற ஆரம்பித்தபோது ஃபாதர் கையமர்த்தினார்.

"மறைச்சு வெச்சாத்தாம்மா அதெல்லாம். சொல்லிட்டா அது கல்லறை. நீங்களே எழுதுங்க, நான் எழுதினா நல்லா இருக்காது."

அதனால்தான் பத்தாவதில் கோட்டைவிட்டவளிடம் வரலாறு கேட்டார். தொட்டி மூலையிலேயே இருக்கிறது. டைல்ஸ் சுற்றிப் போட்டாயிற்று. பலகைக்கல்லுக்கு இப்போதும் பூச்சு இல்லை.

பயம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். இதை மலரில் படித்துவிட்டு ஊர் என்ன சொல்லுமோ? இன்னும் ரெண்டு மூணு பேர் என்றீர்களே, அந்தத் தாய்மார் யார்? இதைப் படித்துவிட்டு யாராவது வந்து நிற்பார்களா? வந்தால் என்ன சொல்வேன்? ரோஸ்லினுக்கே அண்ணன் ஒருவன் இருந்தது தெரியாது. வருகிற ஞாயிறு அவள் மகளுக்கு, உங்கள் கொள்ளுப்பேத்திக்கு, ஞானஸ்நானம். அதற்கு முன்னால் அவளை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தக்கையை என் கையால் பிடுங்குவேன். வெள்ளையன், தன் அம்மா நின்ற இடத்தில் நிற்கிறேன் என்றான், உள்ளே வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நில் என்று சொல்லியிருக்கிறேன், வருவான். இனி இந்த ஊரில் எந்த வீட்டில் பிள்ளை மூச்சுக்குத் தவித்தாலும், என் கை எவ்வளவு நடுங்கினாலும், டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. அவன் வயிற்றில் இருந்தபோதே, பையனாகப் பிறந்தால் உங்கள் பெயரைத்தான் வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். உங்களிடம்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு முதன்முதலாக அந்தப் பெயரை எழுதுகிறேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளி மகள்,
சின்னச் சவரிமுத்துவின் அம்மா,
ஆரோக்கியம்.